பியெத்ராமுல்லாவின் ஊமை இடையன்

பெரியப்பா இத்வால் சாவதற்கு முந்தின வாரம், ஒரு மதியம், ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே சத்தமில்லாமல் பனி விழுந்துகொண்டிருந்தது. அவர் தூங்குகிறார் என்று நினைத்து நான் அவருடைய ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, பக்கத்தில் யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, "எனக்காக ஒரு மனுஷன் செத்துப்போனான், லினெட்," என்றார்.

"யாரு பெரியப்பா?"

"அவனோட ஆடுங்கள நல்லாப் பாத்துக்கிட்டேன். என்னால முடிஞ்சது அதுதான்."

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலில் பனி விழுந்தபடி இருந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் முகம் ரொம்ப தூரத்தில் இருக்கிற மாதிரி தெரிந்தது.

அவர் என் அப்பாவின் அண்ணன். எங்கள் ஆட்டுப்பண்ணைக்கு ஹாவோட் என்று பெயர். வேல்ஸின் நடுமலையில், தார்ச்சாலை முடிந்து கேட்டுகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு போகவேண்டிய இடத்தில் இருக்கிறது. அப்பா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டதால் என்னையும் தம்பி கெத்தினையும் ஆளாக்கியவர் பெரியப்பாதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சு ரொம்பக் குறைவு. காலையில் "மழை" என்பார். சாயங்காலம் "நின்னுடுச்சு" என்பார். சில நாட்களில் அவ்வளவுதான் பேச்சு. போரில் சிப்பாயாக இருந்தார் என்பது ஊருக்கே தெரியும். எங்கே, எப்படி என்பது யாருக்கும் தெரியாது. மெடல் எங்கே என்று கெத்தின் ஒருமுறை கேட்டபோது, "அதெல்லாம் கேட்டு வாங்கல," என்று சொல்லிவிட்டுச் சாணி வாரப் போய்விட்டார்.

ஆடுகளைக் கூப்பிடுவதில் மட்டும் அவர் விசித்திரமானவர். எங்கள் பக்கத்தில் எல்லாரும் விசிலடிப்பார்கள், நாயை ஏவுவார்கள். பெரியப்பா கையை வாயருகே குவித்து, "த்ரூ... தே... தே..." என்று, தொண்டைக்குள்ளிருந்து ஒரு இழுப்பு இழுப்பார். மலையின் மறுபக்கத்திலிருந்துகூட ஆடுகள் வந்துவிடும். கெத்தினுக்கும் அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவர் போன பிறகு பல வருஷம் அந்த வாக்கியம் எனக்குள்ளேயே கிடந்தது. அடிக்கடி ஒரே கனவு வரும். வெள்ளை வெளேரென்ற ஒரு சரிவில் பெரியப்பா முன்னால் போய்க்கொண்டிருப்பார். நான் பின்னால் போவேன். கூப்பிட்டால் திரும்பமாட்டார். கோபமாகத் திரும்பாமல் இருப்பதாகவும் தோன்றாது. காது கேட்காத மனுஷன் மாதிரி போய்க்கொண்டே இருப்பார்.

அம்மாவும் போய், பள்ளிக்கூட வேலையில் எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்த ஒரு இலையுதிர்காலத்தில், அவருடைய ரெஜிமென்ட்டின் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பழைய சீருடைகளுக்கும் முரசுகளுக்கும் நடுவே, மேஜைமேல் பிஸ்கட் டப்பாவோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி.

"இங்க வர்றவங்க எல்லாரும் வீரக்கதை தேடித்தான் வருவாங்கம்மா," என்றார். "நீங்க எதத் தேடறீங்க?"

"ஆடு," என்றேன், சட்டென்று வாயில் வந்ததை.

அவர் முகம் மலர்ந்தது. "அணிவகுப்புக்கு முன்னால நடக்கற வெள்ளாடு ஒண்ணு எங்களுக்கு உண்டே. அதோட போட்டோவா?"

"இல்ல சார். இது செம்மறி."

அவர் என்னை உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, விவரம் முழுவதையும் கேட்டார். உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து சொன்னார். பெரியப்பா வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்டிருக்கிறார். இத்தாலியில், அப்ரூட்ஸோ மலைகளில் ஒரு கைதி முகாமில் இருந்திருக்கிறார். நாற்பத்து மூன்று செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தபோது முகாமிலிருந்து தப்பியிருக்கிறார். அடுத்த வருஷம் மே மாதம், எங்கிருந்தோ நடந்து நம் படையின் வரிசைக்குள் வந்து சேர்ந்திருக்கிறார். நடுவில் என்ன நடந்தது என்பது தங்களிடம் இல்லை என்றார்.

"ஆனா அவரோட கம்பெனில இருந்த ஒருத்தர் இன்னும் இருக்கார். லானிட்லோஸ்ல. ஞாபகம் வரும், போகும். வர்ற நாளாப் பாத்துப் போங்க."

அவர் பெயர் ட்ரெவோர் பெப். நானும் கெத்தினும் போனபோது வெயிலில் நாற்காலி போட்டு, முழங்காலில் கம்பளியோடு அரைத்தூக்கத்தில் இருந்தார். பெரியப்பா பெயரைச் சொன்னதும் கண் திறந்தது.

"ஹாவோட் இத்வாலா? இன்னும் பேசிக்கிட்டே இருக்கானா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அவரு பேசவே மாட்டாரே," என்றான் கெத்தின்.

"யாரு, இத்வாலா? போடா. கம்பெனில அவனுக்குப் பேரே ரேடியோ. பாலைவனத்துல தண்ணி இல்லாம நாக்கு ஒட்டிக்கிட்டப்பக்கூட அவன் நிறுத்தல." ட்ரெவோர் பெப் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். "காவலுக்கு இருந்தவனுங்க துப்பாக்கியப் போட்டுட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டானுங்க. ஜெர்மன்காரன் வர்றதுக்குள்ள நாங்க சுவரேறிக் குதிச்சோம். குதிச்சதுல அவனுக்குக் கணுக்கால் போச்சு. வாய் போகல. மலையேறி முடியற வரைக்கும் பேச்சுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் அவனால நடக்க முடியல. ஒரு ஓடை. அதுக்கு மேல ஒரு மலை, தாயாடு படுத்திருக்கற மாதிரி. அது மேல சாஞ்சுக்கிட்டு, குட்டி மாதிரி இன்னொரு சின்ன மலை. கழுதையோட ஒரு ஆள் வந்தான். ஒண்ணும் பேசல. இத்வாலத் தூக்கிக் கழுதை மேல வெச்சான். நாங்க தெற்க போனோம்." அவர் கண் மறுபடி மூடிக்கொண்டது. "கழுதை மேலயும் பேசிக்கிட்டேதான் போனான். ரொம்ப நேரம் கேட்டுச்சு."

திரும்பி வரும்போது கெத்தின் கார் ரேடியோவைப் போட்டான், அணைத்தான். பிறகு, "ரேடியோவாம்," என்றான். "நம்ம வீட்டுக்கு வந்தப்ப பேட்டரி தீந்துபோயிருக்கு."

இரண்டு குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போய் இத்தாலிய மொழி படித்தேன். குட்டி போடும் பருவம் முடிந்ததும், தொண்ணூற்றெட்டு மே மாதம், கெத்தினை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"ஆடுங்கள யாரு பாப்பா?" என்று கடைசி நிமிஷம் வரை முரண்டு பிடித்தான்.

"பக்கத்துப் பண்ணைக்காரர் பாத்துப்பாரு."

"அவனுக்கு வாத்து மேய்க்கவே வராது, அக்கா."

அப்ரூட்ஸோவில் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, முகாம் இருந்த ஊரிலிருந்து மேலே மேலே போனோம். சாலைகள் வளைந்து வளைந்து, பீச் மரக்காட்டுக்குள் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்தன. புது இலைகளின் பச்சை வெளிச்சம் கார் கண்ணாடியில் நீரைப் போல ஓடியது. எனக்கு விழிப்பும் தூக்கமுமாகவே இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மலை வந்து நின்றது. ஒவ்வொன்றும் படுத்த தாயாடாகத்தான் எனக்குத் தெரிந்தது.

"நீ பாக்கற மலையெல்லாம் ஆடு," என்றான் கெத்தின். "இது மலை இல்லக்கா, சந்தை."

கேட்ட ஊர்களிலெல்லாம் ஒரே பதில். எல்லா ஊரிலும் கைதிகளை ஒளித்துவைத்திருந்தார்கள். எல்லாரிடமும் ஒரு ஆங்கிலேயன் இருந்தான். இத்வால் என்ற பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

அப்படி ஒரு பகல், ஓடைப் பக்கமாகப் போகும்போது மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் சாலையே இல்லை. கெத்தின் காரை ஓரம்கட்டி நிறுத்தினான். இறங்கி நின்றோம். ஓடைச் சத்தம் மட்டும் இருந்தது. மேலே எங்கேயோ ஆட்டு மணிகள் மங்கலாகக் கேட்டன. எனக்கு என் கனவுக்குள்ளேயே வந்து நிற்பதுபோல இருந்தது. குளிரில் கையைக் கட்டிக்கொண்டேன்.

கெத்தினுக்குச் சும்மா நிற்க வராது. விளையாட்டாகக் கையைக் குவித்து, மேலே பார்த்து, "த்ரூ... தே... தே..." என்று இழுத்தான்.

மணிச் சத்தம் நின்றது. பிறகு ஒரே சமயத்தில் எல்லா மணிகளும் எங்களை நோக்கி வர ஆரம்பித்தன. பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு மூக்கு. அப்புறம் நீளமான காதுகள். அப்புறம் மந்தை முழுவதும் சரிவில் வழிந்து இறங்கி வந்து எங்கள் முழங்காலை இடித்துக்கொண்டு நின்று, கெத்தின் முகத்தை அண்ணாந்து பார்த்தது. வேற்று நாட்டு ஆடுகள். அவன் ஒரு அடி பின்னால் போய்க் காரில் சாய்ந்துகொண்டான்.

"அக்கா," என்றான் மெதுவாக. "நான் ஒண்ணும் பண்ணல."

அவற்றின் பின்னால் இரண்டு பெரிய வெள்ளை நாய்களும், நாய்களைவிடக் கோபமாக ஒரு ஆளும் ஓடி வந்தார்கள். நாற்பது வயது இருக்கும். கையில் தடி. கெத்தினின் நெஞ்சுக்கு நேரே தடியை நீட்டி, "யோவ், யாருய்யா நீ? என் ஆட்ட எதுக்குக் கூப்பிடற?" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். தம்பி விளையாட்டுக்குச் செய்தான் என்றேன்.

"விளையாட்டா? இத எங்க கத்துக்கிட்டான்? இது எங்க தாத்தாவோட கூப்பாடு. அடுத்த மலைக்காரனுக்கே இது தெரியாது."

"எங்க பெரியப்பா இப்படித்தான் கூப்பிடுவாரு. எங்க ஊர்ல."

"அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"தெரியல. அதக் கண்டுபிடிக்கத்தான் வந்தோம். அவர் சிப்பாயா இருந்தாரு. போர் சமயத்துல இந்தப் பக்கம் எங்கயோ ஒளிஞ்சிருந்தாரு."

தடி மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் தொப்பியைக் கழற்றினார். "அந்த ஊமையா?" என்றார்.

இல்லை, ஊமையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. "ரொம்பப் பேசமாட்டாரு," என்றேன்.

அவர் பெயர் நுன்ஸியோ. மந்தையை நாய்களிடம் விட்டுவிட்டு எங்களை நடத்திக் கூட்டிப்போனார். அவருடைய ஊர் பியெத்ராமுல்லா மூடுபனிக்கு மேலே இருந்தது. ஏறி வெளியே வந்தபோது கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையாக நிறைந்து கிடந்தது. எதிரே ஒரு மலை, தாயாடாகப் படுத்திருந்தது. அதன் விலாவில் சாய்ந்து, குட்டியாக ஒரு சின்ன மலை. கெத்தின் நின்று அதையே பார்த்தான்.

சமையலறையில் நுன்ஸியோவின் அம்மா அஸ்ஸுந்தா மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லியான, நிமிர்ந்த பெண். போர் வந்தபோது அவளுக்குப் பத்து வயது. மகன் காதில் ஏதோ சொன்னதும் மாவுக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கெத்தினின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"துவாலே," என்றாள். "துவாலேவோட மூக்கு."

இத்வால் அவர்கள் வாயில் துவாலே ஆகியிருந்தார். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

"உக்காருங்க மகளே. நீங்க இங்கிலீஷ்காரங்களா?"

"இல்லன்னு சொல்லுக்கா, முதல்ல அத சொல்லு," என்றான் கெத்தின்.

நான் சொல்வதற்குள் அவள், "எனக்கும் இங்கிலீஷ் தெரியும்," என்றாள் பெருமையாக. "துவாலே சொல்லிக் குடுத்தாரு." மேஜைமேல் இருந்த முட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "ஈன், தை, த்ரீ, பெத்வர், பிம்ப்."

கெத்தின் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அது எங்கள் மொழி. வெல்ஷ். ஹாவோட்டில் பெரியப்பா ஆடு எண்ணும் அதே இழுப்பு, மூன்றாவது எண்ணில் ஏறி ஐந்தாவதில் விழும் அதே ராகம்.

"அம்மா, அது இங்கிலீஷ் இல்ல," என்றேன். "அது எங்க பாஷை."

"அப்படியா?" அவள் யோசித்தாள். "போர் முடிஞ்சதும் ஸ்கூல்ல இங்கிலீஷ் தெரிஞ்ச டீச்சர் ஒருத்தி வந்தா. நான் எழுந்து நின்னு எண்ணிக் காட்டினேன். தப்புன்னா. அவளுக்குத்தான் இங்கிலீஷ் தெரியலன்னு ஊர் பூரா சொல்லிட்டேன். பாவம், அடுத்த வருஷமே மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டா."

நுன்ஸியோ தலையில் கைவைத்துக்கொண்டார். அவரும் சின்ன வயதில் அப்படித்தான் எண்ணக் கற்றிருக்கிறார்.

பாலாடைக்கட்டியும் ரொட்டியும் வந்தன. அஸ்ஸுந்தா மாவை மறுபடி உருட்டத் தொடங்கி, கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"எங்கப்பா தொனாட்டோதான் அவரக் கழுதை மேல கொண்டுவந்தாரு. அவர் பேசிக்கிட்டே வந்தாரு, அப்பா ஒண்ணும் பேசாம வந்தாரு. வாசல்ல இறக்கினதும் அப்பா அவர் வாயப் பொத்தி, 'இனிமே நீ ஊமை, செவிடு. என் மச்சினன்'னு சைகையில சொன்னாரு. ஏன்னா பேசினா மாட்டிக்குவாரு. ஊர்ல யாருக்கும் அந்தப் பேச்சு புரியாது, ஆனா நம்ம பேச்சில்லன்னு ஜெர்மன்காரனுக்குப் புரிஞ்சிடும்ல? அன்னிலேருந்து ஊருக்குள்ள வாய் தொறக்கல. மேல பட்டியில, ஆடுங்களோட இருக்கறப்ப மட்டும் பேசுவாரு. நான் ரொட்டி கொண்டு போவேன். என்கிட்ட கொட்டித் தீத்துடுவாரு. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. கேட்டுக்கிட்டே தூங்கிடுவேன். அவ்வளவு நல்லா இருக்கும்."

"அப்புறம்?"

"குளிர் ஆரம்பிச்சப்ப யாரோ காட்டிக் குடுத்துட்டாங்க. லாரி வந்துச்சு. இங்கிலீஷ்காரன் எங்கன்னாங்க. அப்பா பேசல. அவருக்குப் பேசாம இருக்கறது வரும். அவரையும் இன்னும் சில பேரையும் ஏத்திட்டுப் போனாங்க. துவாலே மேலேருந்து பாத்துட்டு, நான்தான் அது, என்னப் பிடிச்சுக்கோங்கன்னு கத்தறதுக்கு ஓடி வந்தாரு. அம்மா பாதையிலயே மறிச்சுக் கீழ தள்ளி, அவர் நெஞ்சு மேல ஏறி உக்காந்துட்டா. அம்மா நல்ல கனம். லாரி போற வரைக்கும் எழுந்திருக்கல."

கெத்தின் சிரித்தான். சிரித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கொஞ்ச நாள் கழிச்சு ஒரு கரி சுடறவன் வந்தான். கொண்டுபோனவங்க எல்லாரையும் ஆத்தங்கரையில சுட்டுட்டாங்கன்னான். அம்மா கறுப்பு உடுத்திக்கிட்டா. துவாலேவ ஒரு வார்த்தை சொல்லல. முன்னாடி மாதிரியே சூப் ஊத்தினா, ரொட்டி வெட்டி வெச்சா. திட்டியிருந்தா அவருக்குச் சுலபமா இருந்திருக்கும்னு இப்பத் தோணுது. அப்புறம் அவர் மேல பட்டியிலயும் பேசறது இல்ல. நான் போய் உக்காந்து பாப்பேன். குட்டிங்கள எண்ணுவாரு. அது மட்டும்தான். அந்த வருஷம் எவ்வளவு பனி. ஊர்ல பாதி மந்தை செத்துச்சு. எங்க மந்தையில அவர் ஒண்ணுகூட விடல. நனைஞ்ச குட்டிகளச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டுத் தூங்குவாரு. வசந்தம் வந்ததும், ஊரக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு வந்துச்சு. அவர் தெற்க கிளம்பிப் போனாரு. அம்மா கையப் பிடிச்சு முத்தம் குடுத்துட்டுப் போனாரு."

அவள் மாவைத் திருப்பிப் போட்டாள். அடுப்பில் விறகு வெடித்தது. கதை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பனி பெய்த மதியத்தைப் பற்றிச் சொன்னேன். பெரியப்பா கடைசியில் சொன்ன வாக்கியத்தை, என் அரைகுறை மொழியில், அப்படியே சொன்னேன்.

அஸ்ஸுந்தாவின் கை நின்றது.

"யாரு செத்தா?" என்றாள்.

"உங்க அப்பா."

"எங்கப்பா சாகலியே."

அடுப்பில் சின்னச் சின்னச் சத்தங்கள் கேட்டன. நுன்ஸியோ அம்மாவையே பார்த்தார்.

"சுடல," என்றாள் அவள். "அந்தக் கரி சுடறவன் யாரையோ பாத்துட்டு வந்து சொன்னான். அப்பாவப் போர்முனைக்குக் கொண்டுபோய்ப் பதுங்குகுழி வெட்ட வெச்சாங்க. ஜெர்மன்காரன் பின்வாங்கினப்ப தப்பிச்சு நடந்தே வந்துட்டாரு. துவாலே போய் ரெண்டு மாசம்கூட ஆகல. நாங்க அதுக்குள்ள ஊருக்குத் திரும்பியிருந்தோம், நான் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். அப்பா என்னப் பாக்கல, மந்தையத்தான் பாத்தாரு. 'இத யாரு வளத்தா'ன்னு கேட்டாரு." அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "துவாலே எப்பச் செத்தாரு?"

"தொண்ணூத்தொண்ணுல."

"தொண்ணூத்தொண்ணா?" அவள் அந்த எண்ணை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். "தெற்க போற வழியில, மேல் கணவாயில உருகாத பனியில அவர் செத்துட்டாருன்னு நாங்க நினைச்சோம். கடிதாசு வரல. அப்பா அந்தப் பக்கமா வந்த இங்கிலீஷ் சிப்பாய்ங்க எல்லார்கிட்டயும் துவாலே, துவாலேன்னு கேட்டாரு. அப்படி ஒரு பேரே இல்லன்னுட்டாங்க. அப்பா எழுபத்துநாலு வரைக்கும் இருந்தாரு. வருஷா வருஷம் துவாலே ஆத்மாவுக்குப் பூசை வெச்சாரு. அவருக்கப்புறம் நான் வெக்கறேன். இந்த வருஷமும் வெச்சேன்."

அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. முகம் மட்டும் குழம்பி, பத்து வயதுப் பெண்ணின் முகமாக இருந்தது. "அப்போ அப்பா உயிரோட ஆடு கறந்துக்கிட்டு இருந்தப்ப, அவர் அங்க, அப்பா செத்துட்டாருன்னு உக்காந்திருந்தாரா? இத்தனை வருஷமும்?"

"ஆமாம்," என்றேன்.

"ஒரு கடிதாசு போட்டிருக்கலாமே." பிறகு அவளே சொன்னாள். "எப்படிப் போடுவாரு? அம்மாவுக்கு என்னன்னு எழுதுவாரு?"

கெத்தின்தான் கடைசியில், "அக்கா, அவங்ககிட்ட சொல்லு," என்றான். "பெரியப்பா எங்க சேப்பல் ஆளு, சுத்தப் புராட்டஸ்டன்ட். உயிரோட இருக்கறப்பவே அவருக்கு இத்தனை கத்தோலிக்கப் பூசை வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா அன்னிக்கே செத்திருப்பாரு."

சொன்னேன். அஸ்ஸுந்தா என்னைப் பார்த்தாள், கெத்தினைப் பார்த்தாள். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சிரிப்பதாக நினைத்தோம். சிரிப்பும்தான். நுன்ஸியோ எழுந்து அம்மாவின் பின்னால் போய் நின்று அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வரை நான் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்படி டீ குடிப்பார், குளிர் வந்தால் எந்தக் காலை நொண்டுவார், எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது ஒரு வார்த்தையும் பேசாமல் பின்னால் எப்படி ஓடிவந்தார். அவளுக்கு எதுவும் சின்ன விஷயமாக இல்லை. "மறுபடி சொல்லு," என்பாள். மாவு காய்ந்து போயிருந்தது. வெளியே கெத்தினும் நுன்ஸியோவும் ஒரு கிடாவை மல்லாத்திப் போட்டு, அதன் குளம்பைப் பற்றி ஆளுக்கொரு பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நன்றாகவே புரிந்தது போலிருந்தது.

அடுத்த வசந்தத்தில் அஸ்ஸுந்தா நுன்ஸியோவோடு ஹாவோட்டுக்கு வந்தாள். விமானத்தில் ஏறியதே முதல் தடவை. நுன்ஸியோவுக்கு எங்கள் ஆடுகளைப் பார்த்துப் பரிதாபம் தாங்கவில்லை. இவ்வளவு குள்ளமா, பாவம், இவற்றுக்குத் தீனியே போடுவதில்லையா என்றார். கெத்தின் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

மறுநாள் மழை விட்டு, ஈரமான இளவெயில் அடித்தது. சேப்பலுக்குப் பின்னால், புல்சரிவில் இருக்கும் பெரியப்பாவின் கல்லறைக்கு அவளை அழைத்துப் போனோம். அவள் கல்லை ஒருமுறை சுற்றி வந்தாள். என் மழைக்கோட்டை வாங்கிப் புல்லில் விரித்து உட்கார்ந்துகொண்டாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுகிற குரலில் பேச ஆரம்பித்தாள். நாங்கள் கேட் பக்கம் ஒதுங்கி நின்றோம். அவளுடைய மலைப் பேச்சில் எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்பா நடந்து வந்தது. அவருடைய புண் விழுந்த பாதங்கள். அப்பா மந்தையைப் பார்த்த பார்வை. அம்மா கறுப்பைக் கழற்றி அடுப்பில் போட்டது. எந்த ஆடு எத்தனை வருஷம் பால் கொடுத்தது. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யார் பெல்ஜியத்துக்குச் சுரங்க வேலைக்குப் போனார்கள். அவசரமே இல்லாமல், விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

மேகநிழல்கள் எதிர்மலையில் ஊர்ந்துகொண்டிருந்தன. குரல் தாழ்ந்து தாழ்ந்து, நடுவில் இடைவெளிகள் நீண்டு, கடைசியில் நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். கல்லில் தோளைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப்போயிருந்தாள்.

"எழுப்பட்டுமா?" என்று நுன்ஸியோ சைகையில் கேட்டார்.

வேண்டாம் என்று கெத்தின் தலையசைத்தான். தன் கோட்டைக் கழற்றி அவள் கால்மேல் போட்டுவிட்டு வந்தான். நாங்கள் மூன்று பேரும் சேப்பல் சுவரில் வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டோம்.